மடித்த முனை

ஜூலை 2, ஞாயிறு

கேரவன் என்றால் சினிமாக்காரர்கள் படப்பிடிப்புக்கு நடுவே போய்ப் படுத்துக்கொள்ளும் ஏசி பஸ் என்றுதான் நினைத்திருந்தேன். மாப்பிள்ளை வாங்கி வைத்திருப்பது அது அல்ல. காருக்குப் பின்னால் கொக்கி மாட்டி இழுத்துக்கொண்டு போகிற வெள்ளை டப்பா. இருபதடி நீளம். அதற்குள் இரண்டு கட்டில், ரயிலில் இருப்பதுபோல் ஒரு பெர்த், கேஸ் அடுப்பு, பாத்திரம் கழுவும் தொட்டி. இவை போதாதென்று, அடுப்பிலிருந்து நான்கடி தள்ளி ஒரு கக்கூஸ்.

திண்டுக்கல் நகராட்சியில் முப்பத்தோரு வருஷம் சுகாதார ஆய்வாளராக இருந்தவன் நான். இப்படி ஒரு ஓட்டல் என் வார்டில் இருந்திருந்தால் அன்றைக்கே பூட்டி சீல் வைத்திருப்பேன். இதற்குள் பன்னிரண்டு நாள் குடியிருக்க வேண்டும் என்று என் தலையில் எழுதியிருக்கிறது. மெல்பர்னில் மகள் வீட்டுக்கு வந்தோமா, அவளைப் பார்த்தோமா, கிளம்பினோமா என்றில்லாமல் கடற்கரைச் சுற்றுலாவாம். சுகந்திக்கு ஐந்தாம் மாதம். கல்யாணமாகி ஏழு வருஷம் கழித்துத் தங்கியிருக்கிறது. அவளே ஆசைப்பட்டாள் என்கிறார்கள். யார் கண்டது.

மொத்தம் ஐந்து பேர். நான், என் மனைவி சௌந்தரம், சுகந்தி, மாப்பிள்ளை மகுடேஸ்வரன், பிறகு அவரைப் பெற்ற பாவாத்தாள். சம்பந்தியம்மா காங்கேயத்துப் பக்கம். வெற்றிலை போடுகிறவர். துப்புவதற்கு ஒரு பிளாஸ்டிக் டம்ளரைக் கையோடு கொண்டுவந்திருக்கிறார்.

கிளம்புமுன் மாப்பிள்ளை ஒரு காகிதத்தை வைத்துக்கொண்டு வண்டியை மூன்று சுற்றுச் சுற்றினார். சங்கிலி, பிரேக் விளக்கு, டயர் காற்று, சிலிண்டர் வால்வு. ஒவ்வொன்றுக்கும் ஒரு டிக். பழைய வண்டியை வாங்கி ஒரு வருஷம் சனி ஞாயிறெல்லாம் உட்கார்ந்து சரிசெய்தாராம். அந்த நேரத்தில் பதவி உயர்வுக்குப் படித்திருக்கலாம்.

ஜூலை 3, திங்கள்

கண்ணால் பார்த்ததை எழுதினால் ஒழிய எனக்குச் சாப்பாடு இறங்காது.

வண்டியின் வெளிப்பக்கம், கதவுக்கு அருகில், ஒரு சின்ன மூடி இருக்கிறது. அதைத் திறந்தால் ஒரு பிளாஸ்டிக் பெட்டி வெளியே வருகிறது. அந்தக் கக்கூஸில் போனதெல்லாம் அதற்குள். பெட்டிக்குச் சக்கரம் உண்டு, கைப்பிடி உண்டு. மாப்பிள்ளை அதை ஏர்போர்ட்டில் சூட்கேஸ் இழுப்பதுபோல் இழுத்துக்கொண்டு போனார். எதிரே ஒரு வெள்ளைக்காரக் கிழவர், பக்கத்து வண்டிக்காரர், அவரும் தன்னுடைய பெட்டியை இழுத்துக்கொண்டு வந்தார். இருவரும் நின்று மழை வருமா என்று பேசினார்கள். ஒருவருக்கும் கூச்சமில்லை. அதற்கென்று இருக்கிற தொட்டியில் கவிழ்த்து, அலசி, நீல மருந்து ஊற்றி, மறுபடி வண்டிக்குள் செருகிவிட்டு, கையுறையைக் கழற்றிக் கை கழுவிக்கொண்டு வந்து, "மாமா, காபி போடட்டுங்களா?" என்றார். வேண்டாம் என்றேன்.

இப்படி வண்டிகள் வந்து தங்குகிற இந்த முகாமில் பொதுக் கழிப்பறைக் கட்டடம் ஒன்று இருக்கிறது. நானூறு தப்படி. நான் அங்கேதான் போகிறேன். வண்டிக்குள் இருக்கும் அந்தக் கதவை நான் தொட்டதில்லை. தொடப்போவதுமில்லை.

ஜூலை 4, செவ்வாய்

சௌந்தரம் காலையில் மிளகாய் கிள்ளித் தாளித்தாள். கூரையில் இருக்கும் புகை அலாரம் ஊரைக் கூட்டியது. இந்த நாட்டில் இருக்கிற நம் வீடுகளில் எல்லாம் இதற்கு ஒரே வைத்தியம், தலைக்குக் குளிக்கும்போது போடுகிற பிளாஸ்டிக் தொப்பியை அலாரத்துக்கு மாட்டிவிடுவது. சுகந்தி மாட்டினாள். தாளித்து முடிந்ததும் மாப்பிள்ளை மறக்காமல் கழற்றினார். கட்டிலுக்குப் பக்கத்துச் சுவரில் இன்னொரு வெள்ளை டப்பா இருக்கிறது. அதைக் காட்டி நீளமாக ஏதோ விளக்கினார். அந்த நேரம் பார்த்து அவர் தாயார் டம்ளரில் துப்பினார். என் காது அங்கே போய்விட்டது.

எங்கள் இட்லிப் பானையை அடுப்பில் ஏற்றக்கூடாதாம். திண்டுக்கல்லிலிருந்து துணி சுற்றி விமானத்தில் கொண்டுவந்த பானை. இரண்டு பர்னரையும் மூடிக்கொள்கிறது, நெருப்புக்குக் காற்று போகாது என்கிறார் மாப்பிள்ளை. சின்னச் சட்டியில் ஆறு இட்லி வீதம் ஐந்து பேருக்கு எப்போது அவித்து முடிப்பது? சௌந்தரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். கடைசியில் அவர்தான் விட்டுக்கொடுத்தார். மேலே ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு செய்யுங்கள் அத்தை என்றார்.

அந்தக் கூரை ஜன்னலைத் திறப்பதுதான் சம்பந்தியம்மாவுக்கு முழுநேர வேலை. ஒரு குச்சியால் குத்தித் தள்ளிக்கொண்டே இருக்கிறார். ஜூலைதான் இங்கே குளிர்காலம், வெளியே எட்டு டிகிரி.

ஜூலை 5, புதன்

நாற்றம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்துவிட்டேன்.

எல்லோரும் கடற்கரைக்குப் போனார்கள். நான் மட்டும் இருந்து, ஆய்வுக்குப் போனவன்போல வண்டியை அங்குலம் அங்குலமாகப் பார்த்தேன். கதவின் அடியில் ஒரு காற்றுச் சல்லடை. கை அகலம்தான். ஆனால் அந்தப் பெட்டி மூடி இருப்பது கதவுக்கு ஒட்டினாற்போல் வெளியே. காற்று அந்தப் பக்கமிருந்து அடித்தால் வாடை நேராக உள்ளே. மேலே கூரை ஜன்னலில், சாத்தினாலும் மூடாதபடி சுற்றிலும் ஓர் இடைவெளி. கட்டியவன் எவனோ சோம்பேறி. அது வழியாகக் குளிர் இறங்குகிறது. வயிற்றுப்பிள்ளைக்காரி படுக்கிற இடம்.

மாப்பிள்ளையின் கருவிப் பெட்டியில் வெள்ளி நிறத்தில் நல்ல அகலமான டேப் இருந்தது. சல்லடையைத் துடைத்து, ஈரம் போக உலர்த்தி, மூன்று வரிசை ஒட்டினேன். கூரை இடைவெளியைச் சுற்றி நான்கு பக்கமும் ஒட்டினேன். வழக்கம்போல் ஒவ்வொரு டேப்பின் முனையையும் அரை அங்குலம் உள்ளே மடித்துவிட்டேன். பிரிக்க வேண்டி வந்தால் நகத்தால் சுரண்டிக்கொண்டு நிற்க வேண்டாம் பாருங்கள். ஆபீஸில் என் பார்சலை முனை பார்த்தே இது ஆய்வாளர் கட்டியது என்று சொல்லிவிடுவார்கள்.

யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் மாப்பிள்ளை காகிதத்தை எடுத்துக்கொண்டு வந்துவிடுவார்.

ஜூலை 6, வியாழன்

நாற்றம் துளிகூட இல்லை. இந்த வண்டிக்குள் முதல்முறையாக நெஞ்சு நிறைய மூச்சு விட்டேன்.

சுகந்திக்குக் காலையிலிருந்து தலைவலி. இந்த மாதத்தில் அப்படித்தான் இருக்கும் என்றாள் சௌந்தரம். சம்பந்தியம்மாவுக்கும் தலைவலியாம். அவருக்கு எத்தனையாவது மாதமோ.

இட்லி இரண்டாவது ஈடு வேகும்போது கட்டிலருகே இருக்கும் அந்த இன்னொரு டப்பா கத்தத் தொடங்கியது. இன்றைக்கு யாரும் மிளகாயை வறுக்கக்கூட இல்லை. வெளியே போய்விடலாமா என்றாள் சௌந்தரம், பழைய நெடி தங்கியிருக்கிறது, ஒன்றுமில்லை என்றேன். மாப்பிள்ளை தண்ணீர் பிடிக்கப் போயிருந்தார். சுகந்தி காதைப் பொத்திக்கொண்டு படுத்திருந்தாள். இதற்குத் தொப்பி மாட்டினாலும் அடங்கவில்லை. பின்பக்கத்தைத் திறந்து பேட்டரியை எடுத்து என் சவரப் பெட்டிக்குள் போட்டேன். பிறகு அமைதி. நான் நடக்கக் கிளம்பிவிட்டேன். கடற்காற்றில் எனக்குத் தலைவலியே வருவதில்லை.

ஜூலை 7, வெள்ளி

சம்பந்தியம்மா வாந்தி எடுத்தார். வண்டிக்குள்ளேயே, பாத்திரம் கழுவும் தொட்டியில். நேற்றுத் தின்ற மீன் அப்படி. என்னால் அந்தப் பக்கம் தலை வைக்க முடியவில்லை. மதியம் வெளியே மழைத் தூறலில் நாற்காலி போட்டுக்கொண்டு ரொட்டி தின்றேன். டெட்டால் ஊற்றிக் கழுவினார்கள் என்கிறாள் சௌந்தரம். எத்தனை முறை என்று கேட்டேன்.

இட்லிப் பானையின் அடி கன்னங்கரேலென்று இருக்கிறது. கேஸ் அடுப்பில் வைத்த பானை கரிப்பிடிக்குமா? தேய்த்தது சம்பந்தியம்மா. தேய்த்த லட்சணம்.

கதவடி டேப்பில் ஒரு வரிசை பிரிந்து தொங்கியது. ஈரத்தில் விட்டிருக்கும். திரும்ப ஒட்டினேன்.

ஜூலை 8, சனி

டேப் மறுபடி பிரிந்திருந்தது. இரட்டையாக ஒட்டினேன்.

ஜூலை 9, ஞாயிறு

சுகந்தி ஆஸ்பத்திரியில். சம்பந்தியம்மாவும். எழுதுவதற்கில்லை.

ஜூலை 10, திங்கள்

இருவரும் கண் திறந்திருக்கிறார்கள். குழந்தையின் இதயம் துடிக்கிறது என்று டாக்டர் சொன்னார். துடிக்கிறது என்பதற்குமேல் இப்போது எதுவும் சொல்ல முடியாது, வாரக் கணக்கில் பார்க்க வேண்டும் என்றும் சொன்னார்.

நடந்ததை வரிசையாக எழுதிவைக்கிறேன். நேற்றுக் காலை முதல் மழை. சுகந்தி சோர்ந்திருக்கிறாளே என்று சௌந்தரம் ஆட்டுக்கால் சூப் வைத்தாள். ஆட்டுக்கால் வேக மூன்று மணி நேரமாகும். எல்லாவற்றையும் இட்லிப் பானையில் போட்டு, தீயைக் குறைத்து, சம்பந்தியம்மாவைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, நானும் அவளும் மாப்பிள்ளையுடன் டவுனுக்கு அரிசி வாங்கப் போனோம். நாங்கள் கிளம்பிய பிறகு சாரல் அடிக்க, ஜன்னல் கதவையெல்லாம் சாத்தியிருக்கிறார்கள்.

திரும்பி வரும்போது ஆம்புலன்ஸ் நின்றது. வண்டிக் கதவு திறந்திருந்தது. படியில் தலைகுப்புற, பாதி உடம்பு மழையில் பாதி உள்ளே, சம்பந்தியம்மா கிடந்தாராம். தவழ்ந்து வந்து கதவை எட்டி உதைத்திருக்கிறார். சத்தம் கேட்டு வந்த பக்கத்து வண்டிக் கிழவர்தான் அவரைத் தாண்டி உள்ளே போய், அடுப்பை அணைத்து, கட்டிலில் கிடந்த சுகந்தியை வெளியே இழுத்துப் போட்டார். நாங்கள் வந்தபோது இருவர் முகத்திலும் ஆக்சிஜன் மாஸ்க் இருந்தது. என் மகளின் கால்கள் சேற்றில் கிடந்தன. துடைக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை.

தீயணைப்பு ஆட்கள் ஒரு மீட்டரைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனார்கள். காற்றுப் போதாமல் எரிந்தால் அடுப்பே விஷத்தைக் கக்குமாம். அந்த வாயுவுக்கு நிறம் கிடையாதாம். வாசனையும் கிடையாதாம். வாசனை கிடையாது என்பதை அந்த ஆள் இரண்டு தரம் சொன்னார்.

அவர் கதவடி டேப்பை ஒரே இழுப்பில் உரித்துக் கையில் வைத்துக்கொண்டு இதை யார் ஒட்டியது என்று கேட்டார். என்னைப் பார்த்துக் கேட்கவில்லை. பொதுவாகக் கேட்டார்.

மாப்பிள்ளை அந்தத் துண்டை வாங்கி அதன் முனையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, நான்தான் என்றார். சுவர் அலாரத்தில் பேட்டரி இல்லையே என்று கேட்டார்கள். அதுவும் நான்தான் என்றார்.

ஏன் அப்படிச் சொன்னார் என்று எனக்குத் தெரியாது.

ஜூலை 11, செவ்வாய்

சுகந்தி மாப்பிள்ளையோடு பேசுவதில்லை. இன்று அவர் ஆரஞ்சுப் பழம் உரித்துக் கொண்டுபோய்க் கட்டில் பக்கத்தில் வைத்தார். அவள் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டு ஒரே ஒருமுறை பேசினாள்.

"இது திறந்திருக்கணும், அதைத் தொடாதேன்னு ஒரு வருஷமா எனக்கு ஓதுனீங்க. கடைசியில நீங்களே மூடியிருக்கீங்க. உங்க கையால."

அவர் பழத்தை எடுத்துக்கொண்டு வெளியே போனார். நான் வராந்தாவில் இருந்தேன். என்னைத் தாண்டித்தான் போனார். தலையைக் குனிந்துகொண்டு போனார், நான் அவர் சட்டைப் பித்தானைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு சுகந்தி என்னைக் கூப்பிட்டுக் கையைப் பிடித்துக்கொண்டாள். "அப்பா, டாக்டர் சரின்னு சொன்னதும் உங்களோட நானும் திண்டுக்கல்லுக்கு வந்துடறேன். இனிமே இவர்கூட இருக்க எனக்குப் பயமா இருக்கு."

ஏழு வருஷமாக இந்த வார்த்தையை அவள் வாயால் கேட்க வேண்டும் என்று நான் நினைத்ததுண்டு. இந்த மாப்பிள்ளை என் தேர்வு அல்ல. எனக்கு இஷ்டமில்லை என்பது ஊருக்கே தெரியும். சரியம்மா என்றேன். மாடி அறையை வெள்ளையடித்து வைக்கச் சொல்லி என் தம்பிக்குப் போன் செய்ய வேண்டும். பாத்ரூமில் வெந்நீர் வர ஏற்பாடு செய்ய வேண்டும்.

போன் செய்யவில்லை. நாளை செய்யலாம்.

ஆஸ்பத்திரிச் சாப்பாட்டில் எந்த வாடையும் தெரியவில்லை. ஜலதோஷம் பிடித்திருக்கிறது.

ஜூலை 12, புதன்

வண்டியை நன்றாகக் காற்றாட விட்டு, கேஸை வெளியிலேயே பூட்டிவிட்டு, நாங்கள் படுக்க மட்டும் அதையே பயன்படுத்துகிறோம். மாப்பிள்ளை ஆஸ்பத்திரி நாற்காலியிலேயே இருக்கிறார். காலையில் சௌந்தரம் கக்கூஸில் சிவப்பு விளக்கு எரிகிறது, பெட்டி நிரம்பிவிட்டது என்றாள். மூட்டுவலிக்காரி, மழையில் நானூறு தப்படி நடக்க முடியாது. வேறு யார் இருக்கிறார்கள்? "நீங்கதாங்க போய் ஊத்திட்டு வரணும்" என்றாள். அவள் என்னிடம் இப்படி ஒரு வேலை சொல்வது இதுதான் முதல்தடவை. சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு அந்தக் கதவைத் திறந்தேன். பளிச்சென்று இருந்தது. என் வீட்டுக் குளியலறைகூட அப்படி இருக்காது. கதவின் உள்பக்கம், உட்கார்ந்தால் கண்ணுக்கு நேராக, பிளாஸ்டிக் உறை போட்ட ஒரு தாள். தமிழில், கையால், ஒவ்வோர் எழுத்தும் குண்டு குண்டாக. மாப்பிள்ளையின் எழுத்து.

"மாமா, அத்தை, அம்மாவுக்கு. ஒவ்வொன்றாக வாயால் சொன்னால் உங்களுக்குச் சங்கடமாக இருக்கும். அதனால் எழுதி ஒட்டியிருக்கிறேன்." அப்படித்தான் ஆரம்பம். எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும், தண்ணீர் எவ்வளவு ஊற்ற வேண்டும் என்று போய்க்கொண்டே இருக்கிறது. நடுவில் சிவப்பு மையில் எழுதியிருக்கிறது. கதவின் அடியில் இருக்கும் சல்லடையையும் கூரையில் இருக்கும் இடைவெளியையும் எந்தக் காரணத்துக்காகவும் மூடக்கூடாது, குளிர் அடித்தால் இன்னொரு கம்பளி தருகிறேன். அடுப்பு எரியும்போது ஒரு ஜன்னலாவது இரண்டு விரல் அளவு திறந்திருக்க வேண்டும். கட்டிலருகே உள்ள அலாரம் கத்தினால் அது மிளகாய்க்காக அல்ல, உடனே எல்லோரும் வெளியே போய்விட வேண்டும். சுகந்தியை முதலில்.

கீழே தேதி. நாங்கள் சென்னையில் விமானம் ஏறியதற்கு முந்தின நாள்.

எல்லோரும் படித்திருக்கிறார்கள். ஒரு நாளைக்கு நாலு தரம் படித்திருக்கிறார்கள். நான் ஒருவன்தான் மூக்கைப் பிடித்துக்கொண்டு நானூறு தப்படி நடந்தேன்.

பெட்டியை இழுத்துக்கொண்டு போய் ஊற்றினேன். சட்டையில் தெறித்தது. அலசினேன். இரண்டாம் முறை அலசும்போது குமட்டிக்கொண்டு வந்து அந்தத் தொட்டியிலேயே வாந்தி எடுத்தேன். அது பெட்டியிலிருந்து வந்த வாடையால் அல்ல. சுகந்தியின் கால் சேற்றில் கிடந்தது நினைவுக்கு வந்தது.

ஜூலை 13, வியாழன்

சம்பந்தியம்மாவைச் சாதாரண வார்டுக்கு மாற்றிவிட்டார்கள். போய்ப் பார்த்தேன். மாப்பிள்ளை டீ வாங்கப் போயிருந்தார். நெற்றியில் நாலு தையல், படியில் விழுந்தபோது பட்டது. வெற்றிலை இல்லாத வாய் வெளுத்துக் கிடந்தது. என்ன பேசுவதென்று தெரியாமல், ஆட்டுக்கால் சூப்பை வைத்தது தப்பாகிவிட்டது என்று ஏதோ உளறினேன்.

"சூப்பு என்னங் பண்ணும் சம்பந்தி" என்றார். பிறகு மெதுவாகச் சொன்னார். "அந்த டேப்பை நானு ரெண்டு நாள் பிரிச்சு உட்டனுங். மறுக்கா மறுக்கா ஒட்டியிருந்துச்சு. முனையெல்லாம் மடிச்சு, அத்தன நேர்த்தியா. எம் பையனுக்கு அந்த நேர்த்தி வராதுங். பொண்ணப் பெத்த மனுசங்க செஞ்சிருக்காங்க, அதைப்போய் நாம எப்படிக் கேக்கறதுன்னு கூச்சமா இருந்துச்சுங். கேட்டிருக்கோணும். புள்ள வயித்துல இருக்கறப்ப என்ன கூச்சம். தப்பு எம்பேர்லயுந்தானுங்."

மூச்சு முட்டியிருக்கிறது. தலை வெடித்திருக்கிறது. வாந்தி எடுத்திருக்கிறார். அப்போதும் சம்பந்தியைக் குற்றம் சொல்லக்கூடாது என்று வாயை மூடிக்கொண்டு, நான் நடக்கப் போன நேரம் பார்த்துத் திருட்டுத்தனமாக டேப்பைப் பிரித்திருக்கிறார். நான் திரும்பி வந்து அழகாக ஒட்டியிருக்கிறேன். இரட்டையாக.

மகனிடம் சொல்லிவிட்டீர்களா என்று கேட்டேன்.

"அவனுக்குத் தெரியுமுங். நீங்களாச் சொல்ற வரைக்கும் வாயத் தொறக்கக்கூடாதுன்னு எங்கிட்டயும் சத்தியம் வாங்கிட்டான்."

அவருடைய கட்டிலுக்குக் கீழே அந்தப் பிளாஸ்டிக் டம்ளர் இருந்தது. கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தார்கள்.

எழுத வேண்டியதை இப்போது எழுதுகிறேன். டேப்பை ஒட்டியவன் நான். பேட்டரியை எடுத்தவன் நான். அது இன்னும் என் சவரப் பெட்டியில்தான் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை அந்தத் தீயணைப்பு ஆள் கேட்ட கேள்விக்கு எனக்குப் பதில் தெரிந்திருந்தது. செவ்வாய்க்கிழமை என் மகள் கையைப் பிடித்துக்கொண்டபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இந்த நோட்டில் முதல் பக்கத்திலிருந்து யாரையெல்லாம் பார்த்து அருவருப்புப் பட்டேன் என்று எழுதியிருக்கிறேன். இன்று முழுக்கப் படித்துப் பார்த்தேன். அருவருப்பாக இருக்கிறது. எழுதியவனைப் பார்த்துத்தான்.

ஜூலை 14, வெள்ளி

சுகந்தியிடம் வாயால் சொல்லிப் பார்த்தேன். "அம்மா, அந்த டேப்" என்பதற்குமேல் வரவில்லை. இந்த நோட்டைக் கொடுத்து ஐந்தாம் தேதியிலிருந்து படி என்றேன். பேட்டரியையும் போர்வைமேல் வைத்தேன்.

அவள் படித்து முடிக்கும்வரை நான் கட்டிலின் கால்மாட்டில் நின்றேன். உட்காரத் தோன்றவில்லை. நேற்று எழுதியதை இரண்டு முறை படித்தாள் என்று நினைக்கிறேன். அழவில்லை. என்னைத் திட்டவும் இல்லை. நோட்டை மூடி என்னிடம் நீட்டினாள்.

"அவரைக் கூப்பிடுங்க" என்றாள்.

நான் கதவுவரை போனபோது மறுபடி கூப்பிட்டாள். "அப்பா. இனிமே என் வீட்டுக்கு வந்தா எதையும் தொடாதீங்க."

முப்பத்தோரு வருஷம் ஓட்டல் ஓட்டலாகப் போய் மற்றவர்களிடம் நான் சொன்ன வார்த்தை. சரி என்றேன். வெளியே வந்து மாப்பிள்ளையை உள்ளே அனுப்பினேன். அவர் கதவைச் சாத்திக்கொண்டார். உள்ளே சுகந்தி அழுவது அப்போதுதான் கேட்டது. திண்டுக்கல்லுக்கு நானும் சௌந்தரமும் மட்டும்தான் போகிறோம்.

மத்தியானம் வண்டியை வீட்டுக்கு இழுத்துப்போகத் தயார் செய்ய மாப்பிள்ளை முகாமுக்கு வந்தார். டாக்டர் திங்கட்கிழமை இன்னொரு ஸ்கேன் எடுக்கச் சொல்லியிருக்கிறார் என்றார். பிறகு காகிதத்தை எடுத்துக்கொண்டு வேலையில் இறங்கினார். சங்கிலி, பிரேக் விளக்கு, டயர் காற்று. நான் எதையும் தொடாமல், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றேன். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று காலையிலிருந்து வாய்க்குள் உருட்டிக்கொண்டிருந்தேன். கடைசியில், எனக்காக ஏன் பழியை ஏற்றுக்கொண்டீர்கள் மாப்பிள்ளை என்றுதான் வந்தது.

"அன்னைக்கு அவளுக்கு நினைவே திரும்பல மாமா. கண்ணு முழிக்கறப்ப அவளுக்கு அவ அப்பா வேணும்னு தோணுச்சு. நான் அப்புறம் பாத்துக்கலாம்னு விட்டுட்டேன்" என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார். காகிதத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

பட்டியலில் கடைசியாக ஒன்று மிச்சமிருந்தது. அவர் கதவுக்குப் பக்கத்து மூடியைத் திறந்து, பெட்டியை வெளியே இழுத்து நிறுத்தினார். பிறகு பையிலிருந்து கையுறையை எடுத்தார். ஒரு ஜோடியைத் தான் மாட்டிக்கொண்டார். இன்னொரு ஜோடியை என்னிடம் நீட்டினார். நான் வாங்கி மாட்டிக்கொண்டு கைப்பிடியைப் பிடித்தேன்.